வன்னியில் பழைய லான்ட்றோவர், ஜீப் திருத்துகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கீழே வரும் அளவுகள் லான்ட்றோவர் சீரிஸ் 2, 2ஏ, 3 ஆகியவற்றின் 2.25 லீற்றர் பெற்றோல் எஞ்சினுக்கு உரியவை. வில்லிஸ், மஹிந்திரா, மிற்சுபிசி ஜீப்புகளுக்கு வேலைமுறை பெரும்பாலும் இதுதான். எண்கள் மட்டும் வேறு. வேலையின் ஒழுங்கு அடியிலிருந்து மேலே போக வேண்டும்: முதலில் செசி என்ற அடிச்சட்டம், பிறகு பிறேக்கும் ஸ்டியரிங்கும், பிறகு தண்ணீர், வயர், எஞ்சின். பெயின்ற் எல்லாவற்றுக்கும் கடைசி. இதை மாற்றிச் செய்தவர்கள் புதுப் பெயின்ற் அடித்த கதவைத் திரும்பக் கழற்றித்தான் செசியை ஒட்ட வேண்டி வந்திருக்கிறது.

என்னிடம் இருப்பது எந்த மொடல் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சீரிஸ் 1 வந்தது 1948 முதல் 1958 வரை. சீரிஸ் 2 1961 வரை, 2ஏ 1971 வரை, சீரிஸ் 3 1985 வரை. முன்சில்லின் நடுவிலிருந்து பின்சில்லின் நடுவுக்கு அளந்து பாருங்கள். 223 சென்ரிமீற்றர் வந்தால் 88 அங்குலக் கட்டை வாகனம், 277 வந்தால் 109 அங்குல நெட்டை. மீற்றர்கள் டாஷ்போர்ட்டின் நடுவில் இருந்தால் 2 அல்லது 2ஏ. சாரதிக்கு நேரே இருந்து, முன் கிறில்லும் பிளாஸ்ரிக்காக இருந்தால் 3. ஹெட்லைற் கிறில்லுக்குள் இருந்து மட்காட்டுக்கு மாறியது 1960களின் கடைசியில். ஆனால் வன்னியில் ஓடிய வாகனங்களில் மட்காட்டும் கிறில்லும் ஒன்றிலிருந்து மற்றதற்குப் பல தடவை மாறியிருக்கும். ஆகவே வெளித்தோற்றத்தை நம்பாமல் செசி இலக்கத்தைப் பாருங்கள். அது வலது பக்க முன் வில்லை (ஸ்பிறிங்) தாங்கும் கொளுவியில் குத்தப்பட்டிருக்கும். அந்த இடத்தில் கிறைண்டர் பிடிக்கவே கூடாது. மண்ணெண்ணெயும் கம்பிப் பிறஷ்ஷும் போதும்.

வாங்கப் போகும்போது எதைப் பார்ப்பது?

எஞ்சின் ஓடுகிறதா என்பதைக் கடைசியில் பாருங்கள். ஓடாத எஞ்சினை ஓட வைக்கலாம். உக்கிப்போன செசிதான் பணத்தை விழுங்கும். லான்ட்றோவரின் உடம்பு அலுமினியக் கலவை, அதில் கறள் பிடிக்காது. செசியும் டாஷ்போர்ட்டுக்கு முன்னால் நிற்கிற பல்க்ஹெட்டும் இரும்பு. மேலே பளபளப்பாக இருக்கும் வாகனம் கீழே உக்கியிருப்பது இதனால்தான்.

கால் கிலோச் சுத்தியல் ஒன்றைக் கொண்டுபோய் செசியை முன்னிருந்து பின்னுக்கு, ஒரு சாணுக்கு ஒரு தட்டாகத் தட்டிக்கொண்டு போங்கள். நல்ல இரும்பு மணிபோலக் கேட்கும். உக்கிய இடம் மட்டைபோலச் சத்தம் தரும், சில இடத்தில் சுத்தியலே உள்ளே போய்விடும். கட்டாயம் தட்ட வேண்டிய இடங்கள்: பின் குறுக்குச் சட்டம், பின்வில்லு மாட்டும் இடங்கள், பல்க்ஹெட்டைத் தாங்கப் பக்கவாட்டில் நீளும் கைகள், பெற்றோல் தாங்கிக்கு மேலே மறைந்திருக்கும் பகுதி. பல்க்ஹெட்டில் கால் வைக்கும் கிடங்குகளும் கதவுப் பிணைச்சல் தூணின் அடியும் முதலில் போகும்.

ஆனையிறவு, பூநகரி, நாயாறு, கொக்கிளாய் பக்கம் நின்ற வாகனமென்றால் உப்புக் காற்றுப் பட்டிருக்கும், இரண்டு மடங்கு கவனம் வேண்டும். காட்டுப்பக்கம் நின்றதென்றால் செசிப் பெட்டிக்குள் கறையான் மண் கட்டியிருக்கும். அந்த மண் மாரி முழுக்க ஈரத்தைப் பிடித்து வைத்து உள்ளிருந்து தின்னும். தண்ணீர் வடியும் துளைகளுக்குள் ஒரு கம்பியை விட்டுப் பாருங்கள். செம்மண் கட்டியாக விழுந்தால் உள்பக்கத்தின் நிலையை ஊகித்துக்கொள்ளலாம்.

காட்டில் அல்லது பழைய காணியில் கிடக்கும் எரிந்த கூட்டிலிருந்து சாமான் எடுக்கலாமா?

முதலில் நிலம். மண்டையோட்டுச் சிவப்புப் பலகை நட்டிருக்கும் காணிக்குள்ளும், வெடிபொருள் அகற்றி முடிந்ததென்று உறுதியாகத் தெரியாத காணிக்குள்ளும் ஒரு நட்டுக்காகவும் கால் வைக்காதீர்கள். கூட்டை ட்ராக்டரில் கட்டி இழுப்பது அதைவிட ஆபத்து. அடியில் என்ன இருக்கிறதென்று மேலே நின்று தெரியாது. சந்தேகமான பொருள் கண்ணில் பட்டால் தொடாமல், வந்த சுவட்டிலேயே திரும்பி, 119க்கு அறிவியுங்கள். ஏற்கனவே வீட்டுக்கு வந்த கூடு என்றாலும் இருக்கைப் பெட்டி, கருவிப் பெட்டி, செசிப் பெட்டி எல்லாவற்றையும் வெளிச்சம் அடித்துப் பார்த்த பிறகே காஸ் கட்டரைப் பற்றவையுங்கள்.

அடுத்தது, நெருப்புப் பட்ட சாமான். செசியில் அலுமினியம் உருகி வழிந்து துளியாக உறைந்திருந்தால் அங்கே வெப்பம் 600 பாகையைத் தாண்டியிருக்கிறது. அந்த வாகனத்தின் வில்லுகள் பதம் இழந்திருக்கும், பாரம் ஏற்றினால் தொய்ந்துவிடும். பேரிங், ஒயில் சீல், றபர் எல்லாம் வீண். பின் அக்சில் கூடு, சில்லு றிம், பெடல், கொளுவி போன்றவற்றை நேராக இருக்கிறதா என்று பார்த்து எடுக்கலாம்.

பதிவுப் புத்தகம் இல்லாமல் வாங்கலாமா?

வீதியில் ஓட்ட எண்ணமிருந்தால் வேண்டாம். மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவில் உள்ள செசி இலக்கமும் வாகனத்தில் உள்ள இலக்கமும் ஒத்திருக்க வேண்டும். எஞ்சின் மாறியிருந்தால் அதுவும் பதிவில் ஏறியிருக்க வேண்டும், நிறம் மாற்றினாலும் அப்படித்தான். இடம்பெயர்வுகளில் புத்தகத்தைத் தொலைத்தவர்கள் பலர். அவர்களிடம் வாங்கும்போது, பிரதி எடுத்துப் பெயரை மாற்றிய பிறகு முழுப் பணத்தைக் கொடுப்பதே இரண்டு பக்கத்துக்கும் நல்லது.

எந்தச் சாவிகள் வேண்டும்? ஜப்பான் வாகனச் சாவிகள் போதாதா?

போதாது. சீரிஸ் 2இலிருந்து பெரும்பாலான நட்டுகள் அங்குல அளவு. அரை அங்குல நட்டு 12.7 மில்லிமீற்றர். அதற்கு 13ஆம் இலக்கச் சாவியைப் போட்டால் ஆரம்பத்தில் பிடிப்பதுபோல் இருக்கும். கறள் பிடித்த நட்டை இழுக்கும்போது ஆறு மூலையும் வழுக்கிப் போகும். 9/16 அங்குல நட்டுக்கு 14 போகாது, 15 தளரும். 3/4 அங்குலத்துக்கு 19 நன்றாகப் பொருந்தும். 7/16, 1/2, 9/16, 5/8, 3/4 ஆகிய ஐந்து வளையச் சாவிகள் இருந்தால் வாகனத்தின் பெரும்பகுதியைக் கழற்றலாம். சீரிஸ் 1க்கு விட்வேர்த் சாவி தேவைப்படும். கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய ஆங்கிலச் சாவிகளும் சாமான்களும் தேடலாம்.

இறுகிப்போன நட்டுக்கு டீசலும் பழைய ஒயிலும் பாதிக்குப் பாதி கலந்து, மூன்று நாள் காலையும் மாலையும் துணியால் நனைத்து வையுங்கள். பிறகும் வராவிட்டால் நட்டை மட்டும் காஸால் சிவக்க வைத்து, ஆறும்போது இறுக்குகிற பக்கம் ஒரு சிறு அசைவு கொடுத்துவிட்டுக் கழற்றுங்கள். பக்கத்தில் பெற்றோல் தாங்கியோ பிறேக் குழாயோ இருந்தால் காஸ் வேண்டாம்.

ஹான்ட்பிறேக் போட்டும் ஜக் ஏற்றும்போது வாகனம் உருள்கிறதே?

இந்த வாகனத்தின் ஹான்ட்பிறேக் சில்லில் இல்லை. இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் அனுப்பும் ட்ரான்ஸ்பர் பொக்ஸின் பின்னால், பின் புறொப்பெல்லர் தண்டைத்தான் அது பிடிக்கிறது. பின்சில்லு ஒன்றைத் தூக்கியதும் இரண்டு சில்லுக்கும் இழுவையைப் பகிரும் டிவ்ரென்சல் அந்தச் சில்லைச் சுற்றவிட்டு, நிலத்தில் இருக்கும் மற்றச் சில்லையும் உருள விடும். ஹான்ட்பிறேக் முழுதாக இழுத்திருந்தாலும் வாகனம் ஜக்கிலிருந்து விழும். தூக்கும் முன் எதிர்ப்பக்கச் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். அடியில் போகும்போது ஜக்கை நம்பாதீர்கள். நேராக அறுத்த முதிரைக் கட்டையை அக்சிலுக்குக் கீழே வையுங்கள், மாரிகால மண்ணென்றால் கட்டைக்குக் கீழே இன்னொரு பலகை. சீமெந்துக் கல் வேண்டாம், அது சொல்லாமல் வெடிக்கும்.

செசியை வீட்டில் ஒட்டலாமா?

அரை அடி நீளத் துண்டு மாற்றுவது, பக்கக் கைகளை மாற்றுவது, பின் குறுக்குச் சட்டத்தை மாற்றுவது ஆகியவற்றைச் செய்யலாம். வில்லு மாட்டும் கொளுவியின் இடம் தவறினால் அக்சில் கோணி வாகனம் நண்டுபோல் பக்கவாட்டில் ஓடும். அந்த வேலைக்கு நேர்த்தியான ஒட்டுக்காரர் வேண்டும்.

தொடங்கும் முன் பற்றறியைக் கழற்றுங்கள். அல்டனேற்றர் இருந்தால் அதன் வயரையும். பெற்றோல் தாங்கியை முழுதாக இறக்கித் தூர வையுங்கள். வெறும் தாங்கிதான் நிறைந்த தாங்கியைவிட மோசமாக வெடிக்கும். செசியின் மூலைவிட்டங்களை நூல் பிடித்து அளந்து எழுதி வையுங்கள். ஒட்டிய பிறகும் அதே அளவு வர வேண்டும்.

உக்கிய இரும்புக்கு மேலே தகடு வைத்து ஒட்டுவது இங்கே நடக்கிற மிகப் பெரிய பிழை. பழைய கறள் உள்ளே தொடர்ந்து தின்னும், புதுத் தகட்டுக்கும் பழையதுக்கும் நடுவில் தண்ணீர் நிற்கும். இரண்டு மூன்று வருடத்தில் தகடும் போய்விடும். நல்ல இரும்பு மினுங்கும்வரை வெட்டி எடுத்து, 2 மில்லிமீற்றர் தகட்டை அந்த வெட்டுக்குச் சரியாகச் செய்து விளிம்போடு விளிம்பு ஒட்டுங்கள். 6013 ரகக் குச்சி, 2.5 மில்லிமீற்றர், 60 முதல் 80 அம்பியர். பழைய பக்கம் மெலிந்திருந்தால் 2 மில்லிமீற்றர்க் குச்சி, 50 அம்பியர் அளவில். ஒரே மூச்சில் ஓட்டாமல், ஓர் அங்குலம் ஒட்டி, எதிர்ப்பக்கம் போய் ஓர் அங்குலம் ஒட்டுங்கள். ஒரே பக்கமாகச் சூடு ஏறினால் செசி வளையும்.

பின்னர் உள்பக்கம். வடிகால் துளைகளைத் திறந்து, தண்ணீர் அடித்து மண்ணை வெளியேற்றி, நல்ல வெயிலில் ஒரு கிழமை காய விடுங்கள். பங்குனி, சித்திரை வெயில் இதற்கென்றே வந்தது போன்றது. காய்ந்த பிறகு கிறீஸும் ஒயிலும் சேர்த்து இளக்கி உள்ளே பீச்சுங்கள். இந்த வேலைக்கு ஒரு நாள் போதும், செசிக்கு அது பல வருட ஆயுள்.

அலுமினியத் தகட்டில் நெளிவும் துப்பாக்கிச் சன்னத் துளையும் இருக்கின்றன. என்ன செய்வது?

அலுமினியத்தைத் தட்டத் தட்ட அது இறுகும். நெளிவை அப்படியே தட்டி எடுக்கப் போனால் வெடித்துவிடும். முதலில் இளக்க வேண்டும். பெயின்றைச் சுரண்டி எடுத்து, அந்த இடத்தில் காய்ந்த சவர்க்காரக் கட்டியால் தேய்த்துக் கோடு போடுங்கள். பின்பக்கமிருந்து காஸ் சுவாலையை ஓரிடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே காட்டுங்கள். சவர்க்காரக் கோடு முதலில் மஞ்சளாகும், பிறகு மண்ணிறமாகும், கறுக்கத் தொடங்கியதும் சுவாலையை எடுங்கள். அலுமினியம் உருகும் முன் சிவக்காது, கண்ணுக்கு எச்சரிக்கை தராது. சவர்க்காரம்தான் உங்கள் வெப்பமானி. ஆறிய பிறகு மரச் சுத்தியலும் மணல் மூட்டையும் வைத்துத் தட்டினால் ஈயம்போல இளகிக் கொடுக்கும். மறுபடி இறுகினால் மறுபடி சவர்க்காரம்.

துளைகளுக்குப் பின்னால் அலுமினியத் துண்டு வைத்து அலுமினிய றிவெற் அடியுங்கள். இரும்புத் துண்டோ இரும்பு றிவெற்றோ வைத்தால் ஈரத்தில் இரண்டும் ஒன்றையொன்று தின்னும். அலுமினியம் வெள்ளைத் தூளாக உதிரும். இரும்பும் அலுமினியமும் சேருகிற எல்லா இடத்திலும் நடுவில் பெயின்ற்றும் ஒரு றபர்ப் பட்டியும் வேண்டும். அலுமினியத்துக்கு, உலோகத்தைக் கடித்துப் பிடிக்கும் எச் பிறைமர் அடிக்காமல் பெயின்ற் பிடிக்காது, ஓலைபோல உரியும்.

சன்னத் துளையை அடைக்காமல் விட விரும்புகிறவர்களும் இருக்கிறார்கள். அது அவர்களுடைய வாகனத்தின் வரலாறு, அவர்கள் முடிவு. தண்ணீர் போகாமல் உள்பக்கம் மட்டும் சீல் பண்ணினால் போதும்.

வருடக்கணக்காக நின்ற எஞ்சின் சுற்றவில்லை. கட்டி இழுத்து ஸ்ராட் பண்ணலாமா?

கூடாது. பிஸ்டன் ஒட்டியிருக்கும்போது ட்ராக்டரால் இழுத்தால் கொன்றொட் வளையும், அல்லது பிஸ்டன் உடையும். பிளக் நான்கையும் கழற்றி, டீசலும் எஞ்சின் ஒயிலும் பாதிக்குப் பாதி கலந்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் 50 மில்லிலீற்றர் ஊற்றுங்கள். ஐந்து ஆறு நாள் விட்டு, குறைந்தால் மேலும் ஊற்றுங்கள். இதற்கிடையில் றொக்கர் மூடியைத் திறந்து, வால்வுகளின் தலையை மரக்கட்டையால் மெல்லத் தட்டிப் பாருங்கள். எல்லாம் இறங்கி ஏற வேண்டும். ஒட்டிப்போன வால்வோடு எஞ்சினைச் சுற்றினால் புஷ்றொட் வளையும்.

பிறகு முன்னால் கைபிடி போட்டு முன்னும் பின்னும் மெல்ல அசையுங்கள். பலம் போட்டு ஒரே பக்கம் தள்ளாதீர்கள். சுற்றத் தொடங்கியதும் பிளக் இல்லாமலே இருபது முப்பது சுற்றுச் சுற்றி, டீசல் கலந்த பழைய ஒயிலை முழுதாக இறக்குங்கள். புது 20டபிள்யூ50 ஒயில் 6 லீற்றர், பில்டருக்கு இன்னும் முக்கால் லீற்றருக்குச் சற்று மேலே. பிளக் இல்லாமல் ஸ்ராட்டரால் சுற்றி ஒயில் விளக்கு அணைந்த பிறகே பிளக்கைப் போட்டுத் தீ கொடுங்கள்.

மண்ணெண்ணெயில் ஓடிய எஞ்சின் என்கிறார்கள். அது பிழைக்குமா?

1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னிக்குப் பெற்றோல் வரவில்லை. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டுத் தொடங்கி, சூடானதும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். நோயாளரையும் நெல்லையும் அப்படித்தான் ஏற்றினார்கள், அந்த எஞ்சின்கள் மதிப்புக்குரியவை. ஆனால் மண்ணெண்ணெய் முழுதாக ஆவியாகாது. எரியாத மிச்சம் சிலிண்டர்ச் சுவரில் இருக்கும் ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, ஒயிலையும் நீர்த்துப்போகச் செய்யும். அதனால் சிலிண்டர், பிஸ்டன் வளையம், பிக் என்ட் ஷெல் மூன்றும் தேயும். வளையக் குழிகளில் கரி இறுகும், வெளியேற்று வால்வு எரியும்.

ஹெட்டைக் கழற்றி, சிலிண்டரின் மேல்விளிம்பை நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் நன்றாகத் தடக்கினால் தேய்மானம் அதிகம். போர் பண்ண, அதாவது சிலிண்டரைக் கடைந்து பெருப்பிக்க வேண்டும். முதல் அளவு 90.47 மில்லிமீற்றர், ஓவர்சைஸ் 0.040 அங்குலம் வரை போகலாம். லேத் பட்டறைக்குச் சிலிண்டரோடு பிஸ்டனையும் கொண்டுபோங்கள், பிஸ்டன் கையில் இல்லாமல் போர் பண்ணவிடாதீர்கள். காபரேற்றர் ஜெற் துளையைப் பெருப்பித்திருக்கிறார்களா, அமுக்கத்தைக் குறைக்க ஹெட் பக்கிங் இரண்டு போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். இவற்றை மாற்றாமல் பெற்றோலில் ஓட்டினால் கறுப்புப் புகையும் பலக்குறைவும் போகாது, குற்றத்தைப் பிளக்கில் தேடிக்கொண்டிருப்பீர்கள். ஹெட் போல்டுகளை நடுவிலிருந்து வெளியே போகும் ஒழுங்கில், மூன்று கட்டமாக, 65 அடி இறாத்தல் வரை இறுக்குங்கள்.

டியூனிங் அளவுகள் என்ன?

டப்பெற் இடைவெளி உள்வால்வு, வெளிவால்வு இரண்டுக்கும் 0.010 அங்குலம். எட்டு வால்வுகளுக்கும் ஒன்பதுக் கணக்கு வையுங்கள்: 8ஆவது முழுதாகத் திறந்திருக்கும்போது 1ஐச் சரிசெய்யுங்கள், 6 திறந்திருந்தால் 3, 4 என்றால் 5. கூட்டினால் எப்போதும் 9. பொயின்ற் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீற்றர், பிளக் 0.75 முதல் 0.80. தீப்பிடிக்கும் ஒழுங்கு 1-3-4-2, டிஸ்ரிபியூட்டர் மேலிருந்து பார்க்க இடஞ்சுழியாகச் சுற்றும்.

செனித் காபரேற்றராக இருந்து, கறுப்புப் புகையும் கூடுதல் செலவும் இருந்தால் மேல்மூடியின் முகம் வளைந்திருக்கும். கண்ணாடியில் உப்புத்தாள் விரித்து, முகத்தை எட்டு வடிவில் தேய்த்து மட்டமாக்கி, புதுப் பக்கிங்கும் சிறு றபர் வளையமும் போட்டால் பெரும்பாலும் சரிவரும்.

வெயிலில் கொதிக்கிறது. றேடியேற்றரை மாற்ற வேண்டுமா?

அவசரப்பட வேண்டாம். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிற கிணற்றுத் தண்ணீரைத்தான் பல வருடம் ஊற்றியிருப்பார்கள். அதே வெள்ளை றேடியேற்றர்க் குழாய்க்குள்ளும் எஞ்சின் சுவரிலும் படிந்திருக்கும். மொத்தக் கொள்ளளவு ஏறத்தாழ 10 லீற்றர். 250 கிராம் சிற்றிக் அமிலத் தூளைக் கரைத்து ஊற்றி, அரை மணிநேரம் எஞ்சினை ஓட விட்டு, ஆறிய பிறகு இறக்கி, தெளிந்து வரும்வரை கழுவுங்கள். பழைய றேடியேற்றர் இதன் பிறகு கசியத் தொடங்கினால் அமிலம் துளைத்துவிட்டது என்று எண்ண வேண்டாம். துளையை அடைத்திருந்த சுண்ணாம்பு போய்விட்டது, அவ்வளவுதான். ஈயம் வைத்து அடைக்கலாம். இனிமேல் ஓட்டிலிருந்து பிடித்த மழைத் தண்ணீரும் கூலன்ரும் மட்டும் ஊற்றுங்கள்.

றேடியேற்றரின் முன்முகத்தில் புழுதியும் புல்விதையும் அடைத்திருந்தால் பின்பக்கமிருந்து தண்ணீர் அடியுங்கள். முன்னிருந்து அடித்தால் இன்னும் உள்ளே இறுகும்.

பற்றறியின் பொசிற்றிவ் பக்கம் செசியில் கட்டியிருக்கிறது. பிழையா?

பிழையில்லை. 1960களின் நடுப்பகுதி வரை வந்தவை பொசிற்றிவ் எர்த். அல்டனேற்றரோ ரேடியோவோ போடுவதென்றால் நெகற்றிவ் எர்த்துக்கு மாற்ற வேண்டும். பற்றறியைத் திருப்புங்கள், கொயிலின் இரண்டு சிறு வயரையும் இடம் மாற்றுங்கள், அம்மீற்றர் வயரையும் மாற்றுங்கள். டைனமோவை வைத்திருப்பதென்றால் அதன் சிறு முனையிலிருக்கும் வயரைக் கழற்றி, பற்றறியின் உயிர்முனையிலிருந்து ஒரு வயரால் அந்த முனையை இரண்டு மூன்று தடவை தொட்டுத் தொட்டு எடுங்கள். பொறி பறக்கும், அதுதான் டைனமோவுக்குப் புதுத் திசையைப் பழக்குவது. இதைச் செய்யாவிட்டால் றெகுலேற்றர் எரியும்.

வயர் நிறம்: மண்ணிறம் பற்றறியிலிருந்து நேரே, வெள்ளை இக்னிஷன், பச்சை இக்னிஷனுக்குப் பிறகு பியூஸ் வழியாக, நீலம் ஹெட்லைற், சிவப்பு சைட்லைற், கறுப்பு எர்த். ஸ்ராட் பண்ணும்போது சோக் கேபிள் சூடாகிப் புகைந்தால் எஞ்சினுக்கும் செசிக்கும் நடுவிலுள்ள எர்த் பட்டி அறுந்திருக்கிறது. கரண்ட் கேபிள் வழியாகத் திரும்பிப் போகிறது.

பிறேக் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகுதான் பிடிக்கிறது. ஏன்?

பெரும்பாலும் பிறேக் சூக்கள் ட்ரம்மிலிருந்து தூர நிற்கின்றன. ட்ரம்மின் பின்தகட்டிலுள்ள அஜஸ்ரரைச் சில்லு இறுகும்வரை திருப்பி, சுற்றும் அளவுக்கு மட்டும் தளர்த்துங்கள். நெட்டை வாகனத்தின் முன்சில்லுகளில் பக்கத்துக்கு இரண்டு அஜஸ்ரர் உண்டு. ஒன்றை மறப்பவர்கள் அதிகம். பிறகும் அப்படியே என்றால் காற்று. மாஸ்டர் சிலிண்டரிலிருந்து அதிக தூரமான பின் இடதில் தொடங்கி, பின் வலது, முன் இடது, கடைசியாக முன் வலதில் காற்றெடுங்கள்.

பிறேக் எண்ணெய்க்குப் பதில் வேறு எண்ணெய் ஊற்றிய வாகனங்களில் றபர்கள் ஊதிப் பெருத்திருக்கும். எல்லா றபரையும் மாற்றாமலும் குழாய்களை மெதிலேற்றட் ஸ்பிறிற்றால் கழுவாமலும் டொட் 4 பிறேக் எண்ணெய் ஊற்றி எந்தப் பயனும் இல்லை. கறள் பிடித்த குழாய்க்குப் பதிலாகக் குளிரூட்டிக்குப் போடும் மெல்லிய செம்புக் குழாயைப் போடாதீர்கள். பழைய மொடல்களில் நான்கு சில்லுக்கும் ஒரே வழிதான் எண்ணெய் போகிறது. ஒரு குழாய் வெடித்தால் பிறேக்கே இல்லை, ஹான்ட்பிறேக்கும் ஓடும் வாகனத்தை நிறுத்தும் பலம் கொண்டதல்ல. பிள்ளைகளை ஏற்றும் வாகனம். இந்த ஒரு இடத்தில் சிக்கனம் வேண்டாம்.

மஞ்சள் குமிழ், சிவப்பு லீவர் இரண்டும் எதற்கு?

மஞ்சளை அழுத்தினால் ஹை கியரில் நான்கு சில்லும் இழுக்கும். சிவப்பைப் பின்னால் இழுத்தால் லோ. அப்போது நான்கு சில்லும் தானாகச் சேரும். வாகனம் நின்ற பிறகே லோவுக்குப் போங்கள். மஞ்சளை விடுவிக்க, சிவப்பை ஒரு தடவை பின்னால் இழுத்துத் திரும்ப முன்னால் தள்ள வேண்டும். ஏ9 போன்ற தார் வீதியில் நான்கு சில்லிலும் ஓட்டாதீர்கள். முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் டிவ்ரென்சல் இல்லாததால் வளைவில் தண்டுகள் முறுக்கேறும், லீவர் திரும்பி வராமல் இறுகும். இறுகிவிட்டால் பலம் போடாமல் சில மீற்றர் நேராகப் பின்னால் எடுங்கள்.

முன்சில்லு நடுங்குகிறது, முன் அக்சில் நுனியில் சில்லு திரும்பும் உருண்டையிலிருந்து ஒயில் ஒழுகுகிறது.

சில்லைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். பிறேக் மிதித்தும் ஆட்டம் இருந்தால் சில்லு திரும்பும் அச்சான சுவிவல் பின், மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங். பேரிங் தளர்வு 0.10 முதல் 0.15 மில்லிமீற்றர் இருக்க வேண்டும். மேல் சுவிவல் பின்னுக்குக் கீழே உள்ள மெல்லிய தகடுகளை ஒன்றொன்றாக எடுத்தால் இறுகும். ஒயில் சீலும் ஸ்டியரிங் தண்டும் கழற்றிய நிலையில், ஸ்டியரிங் கையின் நுனியைத் தராசுக் கொக்கியால் இழுத்தால் ஏறத்தாழ 6 கிலோவில் அசைய வேண்டும். பந்துமூட்டுகள் ஆறையும் பாருங்கள். முன் குறுக்குச் சட்டத்துக்குள் நிற்கும் ஸ்டியரிங் றிலேயை வீட்டில் பிரிக்காதீர்கள். உள்ளே அழுத்தி வைத்த பலமான சுருள்வில் முகத்துக்குப் பாயும். மேலே உள்ள போல்ட் துளையால் ஈபி 90 கியர் ஒயிலை மெல்ல மெல்ல விட்டாலே பல றிலேகள் உயிர் பெறும்.

உருண்டையின் குறோம் குழி விழுந்திருந்தால் புதுச் சீல் போட்டாலும் ஒரு மாதத்தில் கிழியும். உருண்டை மாற்றும்வரை ஒயிலுக்குப் பதிலாக இளகிய கிறீஸ் நிரப்பலாம். நல்ல உருண்டைக்குப் பக்கத்துக்கு அரை லீற்றர் ஈபி 90. அதே ஒயில் கியர்பொக்ஸுக்கு 1.5, ட்ரான்ஸ்பருக்கு 2.5, டிவ்ரென்சல் ஒவ்வொன்றுக்கும் 1.75 லீற்றர்.

குளம் வான் பாயும் காலத்தில் தண்ணீருக்குள் ஓட்டலாமா?

முழங்காலளவு, அசையாத தண்ணீரில் போகலாம். பாய்கிற தண்ணீரில் வேண்டாம். போகும் முன் கிளச் கூட்டின் அடித்துளைக்கு உரிய பிளக்கைப் போடுங்கள். கரையேறி, வேலை முடிந்ததும் கழற்றுங்கள். போட்டபடியே விட்டால் எஞ்சினிலிருந்து கசியும் ஒயில் உள்ளே தேங்கிக் கிளச் வழுக்கும்.

அக்சிலின் மேலே சிறு மூச்சுக்குழாய் ஒன்று இருக்கிறது. செம்மண் புழுதியும் குளவிக் கூடும் அதை அடைக்கும். ஓடிச் சூடான அக்சில் குளிர்ந்த தண்ணீருக்குள் இறங்கும்போது உள்ளேயிருக்கும் காற்றுச் சுருங்கும். மூச்சுக்குழாய் அடைத்திருந்தால் ஒயில் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். மறுநாள் காலை அடி பிளக்கைச் சற்றுத் தளர்த்திப் பாருங்கள். முதலில் தண்ணீர் வந்தாலோ ஒயில் பால்த்தேநீர்போல் வந்தாலோ முழுதாக மாற்ற வேண்டும். மாரி தொடங்கும் முன், ஐப்பசி பிறக்கும்போதே, இரண்டு மூச்சுக்குழாயையும் கழற்றிப் பெற்றோலில் கழுவி வையுங்கள்.

ஜப்பான் டீசல் எஞ்சின் போடட்டுமா?

புளொக் வெடித்து, வேறு வழி இல்லையென்றால் போடுங்கள். செலவு எஞ்சினோடு முடியாது: இணைப்புத் தகடு, மவுன்ற், றேடியேற்றர், சைலன்சர், பதிவு மாற்றம் எல்லாம் சேரும். கூடிய இழுவை பின் அக்சிலின் உள்தண்டுக்குத்தான் போய் விழும், சீரிஸ் வாகனத்தின் பலவீனமே அந்தப் பத்துப் பல் தண்டு. 2.25 எஞ்சின் திரும்பத் திரும்ப உயிர் பெறக்கூடியது. அதைக் கழற்றி விற்க முன் ஒருமுறை போர் பண்ணிப் பாருங்கள் என்பதே எங்கள் அபிப்பிராயம்.

ஒட்டுசுட்டானுக்கும் மாங்குளத்துக்கும் நடுவில் பின் அக்சில் தண்டு உடைந்தால்?

கிளச்சை விட்டதும் பின்னால் ஒரு சத்தம், எஞ்சின் ஓடும், வாகனம் அசையாது, ஹான்ட்பிறேக்கும் பிடிக்காது. அதுதான் அடையாளம். சில்லுகளுக்குக் கட்டை வைத்துவிட்டு இறங்குங்கள். உடைந்த பக்கத் தண்டின் வெளித்துண்டை இழுத்தெடுத்து, ஹப் வாயைப் பொலித்தீனால் இறுகக் கட்டுங்கள். முன்சில்லில் இழுவையைத் துண்டித்து வைக்கும் சுதந்திர ஹப் பூட்டியிருந்தால் அதைப் பூட்டு நிலைக்குத் திருப்பி, மஞ்சள் குமிழை அழுத்தி, முன்சில்லின் இழுவையில் மெல்ல வீட்டுக்கு வரலாம். உள்ளே கிடக்கும் துண்டை நீளக் கம்பியாலோ காந்தத்தாலோ எடுத்து, டிவ்ரென்சல் ஒயிலையும் மாற்றிய பிறகே புதுத் தண்டு போடுங்கள். இருக்கைக்குக் கீழே வலது ஒன்று, இடது ஒன்று தண்டு வைத்திருப்பவர்கள் இரவில் காட்டு வழியில் நிற்பதில்லை.